நாதம் தழைக்க ஓர் உபயம்

சுவாமி புறப்பாடு காணத் திரண்டிருக்கும் மெய்யன்பர்களின் செவியை முதலில் நிறைப்பது நாதசுரத்தின் மல்லாரி. அந்த மங்கல நாதத்தின் பின்னே, எவர் கண்ணிலும் படாத பராமரிப்புப் பணி ஒன்று நாள்தோறும் நடைபெறுகிறது.

நாதசுரத்தின் குழலை 'உலவு' என்பர். ஆச்சா மரத்தைக் கடைந்து அதனைச் செய்கின்றனர். இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர், காவிரி வளநாட்டின் நரசிங்கம்பேட்டை. அவ்வூர் நாதசுரத்திற்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பழைய வீடுகளின் தூண்களிலும் உத்திரங்களிலும் கிடைக்கும் முதிர்ந்த மரத்தையே ஆசாரிகள் நாடுவர். ஈரம் வற்றாத மரம் பின்னாளில் வெடித்துவிடும்.

வாசித்து முடித்ததும் உலவினுள் தங்கும் மூச்சின் ஈரத்தைத் துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். விரல்கள் ஆளும் துளைகள் 7. அவற்றின் கீழ் அமைந்த 5 துளைகளை வேண்டிய அளவு மெழுகால் அடைத்துச் சுருதியைச் சீர்செய்வர். அந்த மெழுகு இளகாமலும் உதிராமலும் பார்த்துக்கொள்வதும் கலைஞரின் கடமையே.

எல்லாவற்றினும் மென்மையானது சீவாளி. கொறுக்கைத் தட்டையால் செய்யப்படும் இது, 'கெண்டை' எனும் சிறு உலோகக் குழலில் பொருத்தப்படுகிறது. உலர்ந்திருந்தால் ஒலிக்காது, மிகுதியாக நனைந்தால் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். ஊசியால் பக்குவமாக அதன் வாயைத் திருத்துவர். குழலிலிருந்து கயிற்றில் தொங்குபவை அலங்காரம் என எண்ணுவோர் உளர். அவை மாற்றுச் சீவாளிகளும் அவற்றைத் திருத்தும் ஊசியுமே!

மழையும் புழுக்கமும் மிகுந்த மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் இக்கவனம் இருமடங்கு தேவை. ஈரத்துடன் பெட்டியில் மூடிய சீவாளியில் பூஞ்சணம் படியும். குளிர்சாதன மண்டபத்தில் சேர்த்த சுருதி, வெப்பமான வீதிக்கு வந்ததும் ஏறிவிடும். ஆகவே, "உடனே வாசியுங்கள்" என்று கலைஞரை விரைவுபடுத்தாமல், சீவாளியை நனைத்துச் சுருதி சேர்க்கச் சில நிமிடங்கள் அளிப்பதும், ஊர்வலத்தில் மழை வந்தால் வாத்தியத்திற்கும் ஒரு குடை பிடிப்பதும் ஆலயப் பொறுப்பாளர்கள் ஆற்றக்கூடிய தொண்டாகும்.

கலைஞருக்குப் பொன்னாடை போர்த்துவது நம் மரபு. அன்னதானத்திற்கும் பூமாலைக்கும் உபயம் ஏற்கும் அன்பர்கள், தமிழகத்திலிருந்து நல்ல சீவாளிகளை வரவழைத்து அவருக்கு வழங்குவதையும் ஓர் உபயமாகக் கொள்ளலாம். அடுத்த திருவிழாவில் இறைவன் திருமுன் எழும் நாதத்தில் அந்த உபயமும் கலந்து ஒலிக்கும்.