நடுக்கத்தின் கணக்கு – 6: சேமித்து வைத்த மாத்திரை

"இப்பவே லெவோடோபா ஆரம்பிச்சா, பின்னாடி அது வேலை செய்யாதாமே?" பார்க்கின்சன் நோய் என்று தெரிந்ததும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி இது. நோயாளிகள் மட்டுமல்ல, நரம்பியல் மருத்துவர்களிலேயே பலர் இதே பயத்தோடுதான் நெடுங்காலம் மருந்துச் சீட்டு எழுதினார்கள். தாங்கும்வரை தாங்கட்டும், நல்ல மருந்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம் என்று.

பயத்துக்குக் காரணம் இருந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் மருத்துவர் ஜார்ஜ் கோட்சியாஸ் லெவோடோபாவைச் சிறுகச் சிறுக ஏற்றிக் கொடுத்தபோது, விறைத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சில ஆண்டுகளில் வேறொரு கோலம் தெரிந்தது. சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டியவர், மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் அதைச் சரசரவென்று மாட்டிவிடுவார். பிறகு தோளும் கழுத்தும் தாமாகவே நெளியத் தொடங்கும். சில மணி நேரத்தில் நெளிவு அடங்கும். கூடவே விரலும் மறுபடி விறைத்துவிடும்.

பழி மாத்திரை மேல் விழுந்தது. அது நியாயமா?

இதற்குப் பதில் கானாவிலிருந்து வந்தது. அங்கே லெவோடோபா எளிதில் கிடைக்காததால் நோயாளிகள் சராசரியாக 4 ஆண்டுகளுக்கு மேல் மருந்தில்லாமலே தவித்தார்கள். இத்தாலியிலோ சராசரியாக இரண்டரை ஆண்டுக்குள் தொடங்கிவிட்டார்கள். கானா நோயாளிகள் 91 பேரை இத்தாலியர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளியானது. நோய் தொடங்கி எத்தனையாவது ஆண்டில் நெளிவு வந்தது என்று பார்த்தால், இரு நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கானாக்காரர்கள் காத்திருந்ததில் மிச்சம் பிடித்தது எதுவுமில்லை. நடமாட்டத்தை இழந்ததுதான் கண்டது.

ஏன் இப்படி? லெவோடோபா மூளையில் டோபமைனாக மாறுகிறது. அந்த டோபமைனைச் சேமித்து வைத்து அளந்து விடும் மூளை செல்கள் நோயால் அழிந்துகொண்டே போகின்றன. கிடங்கு காலியானபின், ரத்தத்தில் மருந்து ஏறினால் உடம்பும் ஏறும், இறங்கினால் இறங்கும். இதற்காக மாத்திரையை முழுக்கக் குற்றமற்றதென்று விட்டுவிடவும் முடியாது. 2004இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில் தினமும் 600 மில்லிகிராம் லெவோடோபா எடுத்தவர்களே, அதைவிடக் குறைவாக எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும்விட நன்றாக நடமாடினார்கள். 40 வாரத்துக்குள் அவர்களில் 16.5 சதவீதத்தினருக்கு நெளிவும் வந்தது. ஆக, கவலைப்பட வேண்டியது எப்போது தொடங்குகிறோம் என்பதைப் பற்றியல்ல, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் பற்றி.

லெவோடோபாவைத் தள்ளிப்போட மருத்துவர்கள் கையிலெடுத்த பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகை மருந்துகளால் நெளிவு குறைவு என்பது உண்மை. ஆனால் வண்டி ஓட்டும்போதே திடீரென்று தூங்கிவிட்டவர்களைப் பற்றி 1999இல் செய்தி வந்தது. அதைவிட விசித்திரமானது, அடங்காத ஆசை. சூதாட்டம், கண்மண் தெரியாத ஷாப்பிங், மட்டுமீறிய சாப்பாடு, பாலுறவு வேட்கை என்று அது பல வடிவில் வரும். 3,090 நோயாளிகளிடம் விசாரித்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், இம்மருந்து எடுப்பவர்களில் 17.1 சதவீதத்தினருக்கு இப்படி ஏதோவொன்று இருந்தது, எடுக்காதவர்களில் 6.9.

இதை நோயாளி வெட்கத்தில் மறைத்துவிடுவார், அல்லது மருந்தின் வேலை இது என்றே அவருக்குத் தோன்றாது. அதனால்தான் விவரமான மருத்துவர், கூட வந்த மனைவியிடமோ மகனிடமோ வீட்டுச் செலவைப் பற்றி விசாரிக்கிறார். விஷயம் வெளியானதும் பதறிப்போய் அன்றே இந்த மருந்தை நிறுத்துவதும் ஆபத்து. படபடப்பும் மனச்சோர்வும் ஆளைப் படுத்திவிடும். அளவை மருத்துவர் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும்.