வெள்ளிக்கிழமைப் பட்டியல் எப்போது வரும்?

ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சனிக்கிழமை ஜியோகேச்சிங் போவதற்காக, வெள்ளிதோறும் பட்டியல் மின்னஞ்சலில் வரும்படி பதிந்து வைத்திருக்கிறேன். ஒரு வாரம் காலையிலேயே வருகிறது, மறுவாரம் இரவாகிவிடுகிறது. ஏன்?"

2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை ஒளித்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார். ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் கொண்டு தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டு அப்படிப் பிறந்ததுதான். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேல் டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. நமக்கு வேண்டியவற்றை மட்டும் வடிகட்டி, ஒரே கோப்பாக்கித் தரும் வசதிக்குப் 'பாக்கெட் குவெரி' என்று பெயர். எந்தக் கிழமை வேண்டும் என்று அதில் குறிக்கலாம். மணியைக் குறிக்க இடமில்லை.

அந்தக் கிழமையும், இந்தச் சேவையை நடத்துபவர்கள் இருக்கும் சியாட்டில் நகரத்துக் கிழமை. அங்கே வெள்ளி பிறக்கும்போது ஜெர்மனியில் பெரும்பாலும் காலை 9 மணி. சென்னையில் கோடையானால் பகல் 12.30, குளிர்காலமானால் 1.30. அமெரிக்கர்கள் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தைத் திருத்துகிறார்கள், நாம் திருத்துவதில்லை.

அங்கே நள்ளிரவு தாண்டியதும் அன்றைக்குப் பதிந்த பாக்கெட் குவெரித் தேடல்கள் எல்லாம் வரிசை கட்டும். இந்த வரிசையில் புதிதாகப் பதிந்த தேடலுக்கும், ஓடி வெகுநாளான தேடலுக்கும் முதல் இடம். நேற்றும் ஓடியது பின்னால் போகும். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வெளியூர்க்காரர்களை முதல் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, அன்றாடம் வந்துபோகிற பக்கத்து வீட்டுக்காரரைக் கடைசிப் பந்திக்கு நிறுத்துவார்களே, அதே நியாயம்தான். அன்று எத்தனை பேர் முந்தினார்கள் என்பதைப் பொறுத்து நம் முறை முன்பின் ஆகும்.

கோப்பு தயாரான பிறகும் அஞ்சல் வழியில் நிற்கலாம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இருக்கிறது. 2003இல் ஈவன் ஹாரிஸ் முன்வைத்தது; 'கிரேலிஸ்டிங்' என்பார்கள். அறிமுகமில்லாத சர்வர் கதவைத் தட்டினால், பெறும் சர்வர் 451 என்ற எண்ணைச் சொல்லி, "இப்போது முடியாது, பிறகு வா" என்று திருப்பி அனுப்பிவிடும். குப்பை அஞ்சலைக் கொட்டும் நிரல்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. ஒழுங்கான சர்வர் காத்திருந்து மறுபடி தட்டும். அப்படிக் காத்திருக்க வேண்டிய நேரம் குறைந்தது 30 நிமிடம் என்று அஞ்சல் நெறிமுறையே பரிந்துரைக்கிறது. அரை மணி நேரம் பொறுக்கத் தெரிவதே நல்லவனுக்கு அடையாளம் என்று ஆக்கிய மூளையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத்தான்.

தாமதம் எங்கே நேர்ந்தது என்று அந்த அஞ்சலே சொல்லும். அதன் மூல வடிவத்தைத் திறந்தால், கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் தன் நேரத்தைப் பதித்திருக்கும். புதிய வரி மேலே சேர்வதால், கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழ் வரியில் 03:12:08 -0700 என்றும் அதற்கு மேல் 10:47:31 +0000 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நேரம் +0000 நேரத்துக்கு 7 மணி நேரம் பின்தங்கியது; அதைக் கூட்டினால் 10:12:08. இடையில் போனது 35 நிமிடம். அநேகமாக ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. அஞ்சல் புறப்பட்டதே மாலையில்தான் என்றால், காத்திருந்தது சியாட்டில் வரிசையில். இவ்வளவு நேர்மையான பயணக் குறிப்பு ஒவ்வொரு அஞ்சலோடும் வந்தும், அதைத் திறந்துகூடப் பார்க்காமல் சேவையைத் திட்டுகிறவர்களே அதிகம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. விளையாட்டை விட்டு வெகுகாலமானவர்களும், கோப்பைத் திறந்தே பாராதவர்களும், ஏழு கிழமையிலும் டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். யாருக்கும் பயன்படாத அந்தப் பட்டியல்களைத் தயாரிக்கவும் சர்வர் உழைத்தாக வேண்டும். வேண்டாத டிக்கை எடுப்பது ஒரு நொடி வேலை.

வாசகருக்கு: வெள்ளியை எடுத்துவிட்டு வியாழனில் டிக் போடுங்கள். அஞ்சல் வெறும் அறிவிப்புத்தான். கோப்பு தயாரானதும் தளத்தில் உங்கள் கணக்கிலேயே இருக்கும். அங்கிருந்து நேரே இறக்கிக்கொள்ளலாம்.