பன்னிரண்டாம் வகுப்பும் பல வாயில்களும்

நம் சங்கத்து அன்பர்கள் இருவர் எதிர்ப்பட்டால், முன்பெல்லாம் முதலில் எழும் வினா, ஊரில் மழை பெய்ததா என்பதாக இருந்தது. இன்றோ, வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் பிள்ளை இருப்பின், எந்தெந்தப் பரீட்சைகளுக்கு விண்ணப்பம் செய்திருக்கிறீர்கள் என்பதே முதல் வினாவாகிவிட்டது. விடையும் ஒன்றிரண்டோடு நிற்பதில்லை. விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் ஒரு கை போதுவதில்லை. அந்நீண்ட பட்டியலைத் தூக்கிச் சுமப்பது பதினேழு வயதுப் பிள்ளை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பட்டியல் நீண்டதற்குக் காரணம் உண்டு. 2022-ஆம் ஆண்டுக்கு முன்னர், தில்லிப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான இளங்கலைப் பிரிவுகளில் இடம் பெறுவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதியதாக இருந்தது. அவ்வாண்டு முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குச் சி.யு.இ.டி. என்னும் பொது நுழைவுத் தேர்வு வந்து சேர்ந்தது. பொறியியலுக்குரிய ஜே.இ.இ. மெயின் தேர்வு, 2019 முதல் ஆண்டில் ஒரு முறைக்கு மேலாக நடைபெறுகிறது. மருத்துவம் பயில விரும்புவோருக்கு நீட் தேர்வு. தனியார் பல்கலைக்கழகங்கள் தாமே நடத்தும் தேர்வுகள் வேறு. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும் நல்ல வாயில்தான். எல்லாவற்றையும் ஒரே பிள்ளை ஒரே ஆண்டில் தட்டவேண்டும் என்று நாம் விரும்பும்போதுதான் தொல்லை பிறக்கிறது.

கணிதப் பிரிவில் பயிலும் ஒரு மாணவனின் ஆண்டை எண்ணிப் பார்ப்போம். ஜனவரி மாதத்தில் பள்ளியின் செய்முறைத் தேர்வுகள். அம்மாத இறுதியிலேயே முதல் ஜே.இ.இ. பிப்ரவரி நடுவில் போர்டு பரீட்சை தொடங்கிவிடும். அதில் ஐந்து தாள்கள். ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டாம் ஜே.இ.இ. மே மாதத்தில் சி.யு.இ.டி.; அதில் ஐந்து தாள்கள் வரை எழுதலாம். எழுதலாம் என்பதால் ஐந்தையும் எழுதியே தீர வேண்டும் என்று எண்ணும் வீடுகள் பல. பொங்கலும் ஹோலியும் சித்திரைப் பிறப்பும் இடையே வந்து போகின்றன. அப்பிள்ளைக்கு அவை நாட்காட்டியில் காணும் சிவப்பு எழுத்துகள் மட்டுமே.

இனி ஒரு நாளின் கணக்கைப் பார்ப்போம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறங்கவேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் அறிவுறுத்தியது. குறைந்த அளவாகிய எட்டையே கொள்வோம். மிஞ்சுவது 16 மணி. பள்ளிக்கும் போய்வரும் வழிக்கும் 8 மணி போயிற்று. மாலையில் கோச்சிங் வகுப்புக்கும் அதன் வழிப் பயணத்துக்கும் 4 மணி. குளியல், உணவு, வீட்டாரோடு ஒரு பேச்சு, இவற்றுக்கு 2 மணி. தானே அமர்ந்து படிப்பதற்கு எஞ்சியிருப்பது இரண்டே மணி நேரம். இந்த இரண்டை நான்காக்க வேண்டுமாயின் கைவைப்பதற்கு உறக்கத்தைத் தவிர வேறு இடம் இல்லை. பல வீடுகளில் நடப்பதும் அதுவே. உறக்கம் குறைந்த பிள்ளை நான்கு மணி நேரம் புத்தகத்தின் முன் அமர்ந்திருக்கும். மனத்தில் நிற்பதோ இரண்டு மணி நேரப் படிப்பிலும் குறைவாயிருக்கும்.

இவ்வாறு மாதக்கணக்கில் நீடிக்கும்போது வருவதே உள்ளச் சோர்வு. உடற் களைப்பு ஓர் இரவு உறங்கினால் நீங்கும், இது நீங்குவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இதனை வேலைத்தலத்துக்குரியதாகவே வகுத்து, மூன்று அடையாளங்களைக் கூறியது. ஆற்றல் வற்றிப்போதல் ஒன்று. செய்யும் வேலையின்மீது பற்று அகன்று கசப்பு மிகுதல் இரண்டு. செய்திறன் குறைதல் மூன்று. படிப்பையே வேலையாகக் கொண்டுவிட்ட நம் பிள்ளைகளிடமும் இம்மூன்றையும் காண்கிறோம். விரும்பிப் படித்த பாடத்தின் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தல், தெரிந்த கணக்கைத் தவறாகப் போடுதல், "எதுவுமே மண்டையில் ஏறவில்லை, அம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரை நோக்கித் திரும்பிப் படுத்தல் ஆகியவை அதன் குறிகள். இவற்றைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொண்டு, மேலும் ஒரு வகுப்பில் சேர்ப்பது, எண்ணெய் வற்றிய விளக்கின் திரியைத் தூண்டிவிடுவதை ஒக்கும்.

புலம்பெயர்ந்து வாழும் நம் இல்லங்களில் இத்துன்பம் சற்று மிகுதி. காரணம் அச்சமே. இங்கு நமக்குச் சொந்த நிலமில்லை, சுற்றமில்லை. பிள்ளையின் படிப்பு ஒன்றே நாம் தேடிய செல்வம் என்று கருதுகிறோம். ஆகவே இங்குள்ள வாயில்களையும் தட்டு, தமிழ்நாட்டு வாயில்களையும் தட்டு என்கிறோம். இதில் வேடிக்கை என்னவெனில், எந்த வாயில் யாருக்குத் திறக்கும் என்பதையே நம்மில் பலர் சரிவர அறியோம்.

எடுத்துக்காட்டாக, தமிழர் என்பதால் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தம் பிள்ளைக்குச் சொந்த மாநில ஒதுக்கீடு உண்டு என்று நம்புவோர் பலர். அக்கழகங்களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தாருக்கு என்பது உண்மை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினார் என்பதைக் கொண்டே சொந்த மாநிலம் முடிவு செய்யப்படுகிறது. தில்லியில் படித்த நம் பிள்ளைக்குத் தில்லிக் கழகத்திலேயே அவ்வுரிமை. நாகபுரியில் படித்தவருக்கு நாகபுரியில்.

தமிழ்நாட்டு அரசின் பொறியியல் சேர்க்கையோ இதற்கு நேர்மாறு. 2007 முதல் அங்கு நுழைவுத் தேர்வே இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200 மதிப்பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியைக் கணக்கிட்டுத் தரவரிசை வகுக்கின்றனர். வெளிமாநிலத்தில் பயின்ற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பிறப்பிடச் சான்றிதழுடன் இதில் கலந்துகொள்ளலாம். போர்டு பரீட்சையை நன்றாக எழுதுவதைத் தவிர இவ்வாயிலுக்குத் தனியாக ஒரு நாள்கூடப் படிக்கவேண்டியதில்லை.

ஆகவே நாம் வலியுறுத்துவது ஒன்றே: வாயில்களைக் குறையுங்கள். ஒரே படிப்பு எவற்றுக்குப் பயன்படுமோ அவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொறியியலே விருப்பமெனில் போர்டு, ஜே.இ.இ., தமிழ்நாட்டுச் சேர்க்கை ஆகிய மூன்றும் ஒரே பாடத்தைச் சுற்றியவை. கலையோ வணிகமோ விருப்பமெனில், சி.யு.இ.டி. பாடத்தாள்கள் பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடத்தைத் தழுவியவை, போர்டுக்குப் படித்ததே அதற்கும் உதவும். அங்கும் விரும்பும் பிரிவு கேட்கும் தாள்களை மட்டும் எழுதினால் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று சேர்க்கப்படும் தேர்வே பிள்ளையின் உறக்கத்தைத் தின்கிறது. இம்முடிவைப் பதினோராம் வகுப்பு முடியும்போதே பிள்ளையோடு அமர்ந்து பேசி எடுத்தல் நலம். பிள்ளைக்காக நாமே எடுத்துவிடுதல் முறையன்று.

அடுத்து, கோடை விடுமுறை. பன்னிரண்டாம் வகுப்பு என்றதும் ஊர்ப் பயணத்தை நிறுத்திவிடுவது வழக்கமாகி வருகிறது. நாம் இதை ஏற்கோம். பத்து நாள் பாட்டி வீட்டில் உண்டு உறங்கி வரும் பிள்ளை புத்துயிர் பெற்றுத் திரும்பும். அதே பயணத்தில் பெற்றோர் இ-சேவை மையத்தின் வழியே பிறப்பிடச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஏற்பாடு செய்யலாம். நம் பெயர்களின் தலைப்பெழுத்து வடநாட்டு விண்ணப்பங்களில் பெருங்குழப்பம் விளைவிப்பது. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். விண்ணப்ப வேலை முழுவதையும் பெற்றோர் ஏற்றுக்கொண்டால், பிள்ளையின் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கும்.

கோச்சிங் வகுப்புகள் பள்ளி நேரத்தில் நடைபெறலாகாது என்றும், வாரம் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்றும் மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அவ்வோய்வு நாளைக் கேட்டுப் பெறுவது பெற்றோர் கடமை. அந்நாளில் வீட்டிலும் பரீட்சைப் பேச்சு வேண்டா.

இவ்வளவு செய்தும் பிள்ளை உண்ணாமல், உறங்காமல், பேசாமல் ஒடுங்கினால், அல்லது வாழ்வில் பயனில்லை என்னும் சொல் அதன் வாயில் எழுந்தால், ஒரு நாளும் தாழ்த்தலாகாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் என்னும் அரசின் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். மருத்துவரை நாடுவதில் நாணம் வேண்டா. பரீட்சை அடுத்த ஆண்டும் வரும்.

நல்ல வாழ்வை நாடித்தான் நாம் ஊரைவிட்டு வந்தோம். அவ்வாழ்வு நம் பிள்ளைகளுக்குப் பதினேழு வயதிலேயே கசந்துபோக நாம் காரணமாகலாகாது. இம்மாதமே ஒரு மாலையில், பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் ஒவ்வோர் இல்லத்திலும் அந்தப் பட்டியலை எடுத்து வைத்து, பிள்ளையின் கையிலேயே எழுதுகோலைக் கொடுத்து, வேண்டாதவற்றை அடிக்கச் சொல்லுங்கள்.