நத்தை ஓடும் கடல் சட்டமும்

கடல் நத்தை ஓடு கட்ட இரண்டு சரக்கு வேண்டும்: கால்சியம், கார்பனேட். முதலாவதற்குக் கடலில் பஞ்சமில்லை. இரண்டாவதைத்தான் நாம் குறைத்துக்கொண்டிருக்கிறோம். நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. அந்த வாயு நீரில் கரைந்து அமிலமாகி, ஓட்டுக்கு உதவ வேண்டிய கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்குப் பின் மேற்பரப்பு நீரின் பிஎச் சுமார் 8.2-இலிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. கடல் இன்னும் காரம்தானே, புள்ளி ஒன்று குறைந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிஎச் மடக்கை அளவுகோல். அந்தப் புள்ளி ஒன்று, ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடியதைக் குறிக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் 2011-இல் திரட்டிய 'கடல் பட்டாம்பூச்சி' என்னும் மிதக்கும் நத்தைகளில், கரைக்கு அருகே கிடைத்தவற்றில் 53 சதவீதத்துக்கு ஓடு கடுமையாக அரிக்கப்பட்டிருந்தது. அங்கே மேலெழும் ஆழ்கடல் நீர் இயல்பாகவே கரியமில வாயு மிகுந்தது என்பது உண்மை. ஆனாலும் மனிதர் சேர்த்த வாயுவால் கரையோர அரிப்பு தொழிற்புரட்சிக்கு முன்பிருந்ததைப்போல் இரு மடங்காகியிருக்கிறது என்பது ஆய்வாளர் கணக்கு.

நத்தைகள் பழகிக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். பழகத்தான் செய்கின்றன, எப்படி என்பதைப் பார்க்க வேண்டும். இத்தாலியின் வல்கானோ தீவருகே எரிமலை வாயு குமிழியிடும் ஆழமற்ற கடலில் வாழும் இரு நத்தை இனங்கள், வழக்கமான அளவைவிட மூன்றில் ஒரு பங்கு வரை சிறுத்திருப்பதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. உடலைச் சுருக்கி, ஆற்றல் தேவையைக் குறைத்துப் பிழைக்கின்றன. நத்தையை நம்பியிருக்கும் மீனுக்கு இது அரைவயிற்றுச் சோறு.

இதற்கு யாரைக் கேட்பது? மனிதச் செயலால் வளிமண்டலத்தில் கலக்கும் பசுமைக்குடில் வாயுக்கள் கடல் மாசே என்று, ஹாம்பர்க்கிலுள்ள பன்னாட்டுக் கடல்சட்டத் தீர்ப்பாயம் 2024 மே 21-இல் கருத்துரைத்தது. வெறும் ஆலோசனைக் கருத்துதானே என்பார்கள். சரி, ஆனால் அது விளக்கிய 1982 கடல்சட்ட உடன்படிக்கை, ஏற்ற நாடுகளைக் கட்டும். இந்தியா 1995-இல் ஏற்றது. (அமெரிக்கா இன்னும் ஏற்கவில்லை!) உமிழ்வைக் குறைப்பதற்கு மாற்றில்லை என்றாலும், கரையோரத்தில் செய்யக்கூடியதும் உண்டு. கழிவுநீரும் உரச்சத்தும் கலந்தால் பாசி பெருகும். அது மட்கும்போது மேலும் கரியமில வாயு சேரும். இது நம் சங்குக்கும் கேடு; அதுவும் கடல் நத்தைதான். சுத்திகரிக்காத கழிவு கடலில் கலப்பதால் பாதிக்கப்படுவோர் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நாடலாம். வழக்குக்கான காரணம் எழுந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். இழப்பீடு கோரும் மனுவுக்கு ஐந்தாண்டு அவகாசம்.