கொடுக்கும் கையும் கூசும் மனமும் – 11: கோப்பையின் அடி

ஓசையும் மணமும் தொடுகையும் பிறரைவிட மிகுதியாக உறைக்கிற, நுண்ணுணர்வினர் என்று இத்தொடரில் நாம் வழங்கிவரும் மனிதர்களுடைய சுபாவத்தைப் பற்றியும், அதை அளப்பதற்கு எலைன் ஆரன் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் தம் கணவருடன் சேர்ந்து 1997-இல் 27 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டதைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியாயிற்று. அது நோயன்று, பிறவிக் குணம் என்பதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் மணத்தைப் பற்றி, அதாவது அத்தரும் ஊதுவத்தியும் பூச்செண்டும் இத்தகையவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கத் தகுமா என்பதைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். வாக்கு இருக்கட்டும், இடையில் ஒரு கோப்பை குறுக்கே வந்து நின்றுவிட்டது.

எங்கள் ஊரான வேப்பூரிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் விருத்தாசலம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல்மண்ணை அகற்றும்போது கிடைக்கிற வெண்களிமண்ணின் அண்மையும் சேர்ந்து வளர்த்த பீங்கான் தொழில் அவ்வூரில் இன்றும் நடந்துவருகிறது. கொலுப் பொம்மைகளும், மின்சாரப் பெட்டியில் மாட்டும் பியூஸ் கேரியர்களும், கோப்பைகளும் ஒரே மண்ணின் பிள்ளைகளாகத் தொழிற்பேட்டைக் கூடங்களில் அடுக்கியிருப்பதைக் காண்பதே ஒரு வேடிக்கை. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் சிநேகிதர் ஒருவர், எவர்சில்வர் டம்ளரும் டபராவும் மோதும் ஓசை கேட்டாலே முகம் சுளிப்பவர். அந்த உலோகமோ காப்பியின் சூட்டைப் பீங்கானைவிடப் பன்மடங்கு விரைவாக விரல்களுக்குக் கடத்துவது. ஆகவே அவருடைய மணிவிழாவுக்குப் பீங்கான் கோப்பையும் தட்டும் கொடுப்பதே உசிதம் என்று முடிவுசெய்து, ஒரு பட்டறைக்குள் நுழைந்து, நீலக்கொடி வரைந்த கோப்பை ஒன்றை எடுத்து அதன் சித்திர வேலைப்பாட்டை வியந்துகொண்டிருந்தபோது, அருகில் அச்சிலிருந்து கிண்ணங்களைப் பிரித்துக்கொண்டிருந்த முதியவர், தலையை நிமிர்த்தாமலே, “படத்த அப்புறம் பாருங்க ஐயா, மொதல்ல கவுத்து அடியத் தடவிப் பாருங்க” என்றார்.

தடவிப் பார்த்தேன். உடம்பெல்லாம் வழுவழுப்பாக இருந்த அந்தக் கோப்பையின் அடியில் மெருகேறாத ஒரு வளையம் மட்டும் சொரசொரவென்று இருந்தது. நாள்தோறும் நாம் கையாளும் ஒவ்வொரு பீங்கான் கோப்பையிலும் இருக்கிற இந்த வளையத்தை அதுவரை ஒரு பொருட்டாக எண்ணாத எனக்கு, அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு வேறு எதையும் பற்றி எழுத மனம் ஓடவில்லை. சுட்ட கோப்பையின் மேல் பூசப்படும் மெருகு உண்மையில் கண்ணாடிதான். 1,200 டிகிரி செல்சியஸையும் தாண்டும் சூளைச் சூட்டில் அது உருகிப் பாகாகிக் கோப்பையைப் போர்த்துகிறது. அடியிலும் மெருகு இருந்துவிட்டால், உருகிய கண்ணாடி கோப்பையைச் சூளைத் தட்டோடு ஒட்டவைத்துவிடும். ஆறிய பின் உடைத்துத்தான் எடுக்கவேண்டும். எனவே சூளையில் ஏற்றுமுன், ஈரப் பஞ்சால் அடிவளையத்தை மட்டும் துடைத்துவிடுகிறார்கள், அல்லது மெருகு பற்றாதபடி அவ்விடத்தில் மெழுகு தடவிவிடுகிறார்கள். சற்றுக் குறைந்த சூட்டில் வேகும் மண்பாண்டங்களுக்கு வேறோர் உபாயமும் உண்டு: முக்காலி போன்ற கூர்முனைத் தாங்கியின் மேல் தூக்கி வைத்து அடி முழுவதும் மெருகேற்றுவது, அவற்றின் அடியில் மூன்று சிறு புள்ளிகள் தழும்பாக நிற்கும். பீங்கானோ அந்த உச்சச் சூட்டில் இளகித் தொய்ந்துவிடும் சுபாவமுடையதாகையால், மூன்று முனைகளின் மேல் நிற்க அதற்குத் தெம்பில்லை. தன் முழு வளையத்தின் மேலும் அது உட்கார்ந்தே ஆகவேண்டும். உட்காரும் இடம் சொரசொரப்பாகத்தான் இருக்கும்.

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில், அருந்தி முடித்த விருந்தினர் கிண்ணத்தைக் கையிலேந்திக் கவிழ்த்து அதன் அடியைப் பார்ப்பது மரியாதையின் ஓர் அங்கம். குயவனுடைய கைத்திறன் அவ்விடத்தில்தான் வெளிப்படும் என்பது அவர்கள் கொள்கை. நம் வீடுகளில் ஒருவர் அப்படிச் செய்தால் விலைச் சீட்டைத் தேடுகிறார் என்றல்லவா நினைப்போம்!

இந்தச் சொரசொரப்பான வளையம் தட்டின் மேல் உராயும்போது எழும் ‘கிறீச்’ என்ற ஒலிதான் இங்கே விஷயம். 2012-இல் நியூகாஸில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 பேருக்கு 74 வகை ஓசைகளைக் கேட்கச்செய்து, அவர்களுடைய மூளையின் செயலையும் கவனித்தார்கள். புட்டியின் மேல் கத்தி உராயும் ஓசைதான் யாவற்றிலும் சகிக்கமுடியாதது என்று தெரியவந்தது. கண்ணாடியின் மேல் முள்கரண்டி கீறுவது இரண்டாவது, கரும்பலகையில் சாக்குக்கட்டி கிறீச்சிடுவது மூன்றாவது. ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளே நம்மை மிகுதியும் வதைப்பன என்றும் அவர்கள் கண்டார்கள். சாதாரண மனிதர்களுக்கே இந்தக் கதி என்றால், காலையில் கோப்பையை வைக்கும்போதும் எடுக்கும்போதும் பல் கூசி, ஆனால் அன்பளிப்பாயிற்றே என்று வாய் திறவாமல் வருஷக்கணக்கில் சகித்துக்கொண்டிருக்கும் நுண்ணுணர்வினரின் நிலையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். கொடுத்தவர் நீலக்கொடியைப் பார்த்து மகிழ்ந்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். பெற்றவர் அடிவளையத்தோடு குடித்தனம் நடத்துகிறார். இவர்களுக்குப் பரிசு தேடுகிறவர், எது மகிழ்விக்கும் என்று தேடுவதற்கு முன்னால், எது உறுத்தும் என்று தேடி அதை அகற்றிவிடுவதே முதற்காரியம் என்பது என் துணிபு.

பெறுகிறவரை அறிந்து கொடுப்பது என்று பார்த்தால், வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த கதையில் எனக்குச் சிறுவயது முதலே ஒரு சந்தேகம் உண்டு. தோகையோடு பிறந்த பறவைக்குக் குளிர் என்று எண்ணியது, மன்னனுடைய கருணைக்குச் சான்று; மயிலைப் பற்றிய அவனுடைய அறிவுக்குச் சான்று என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. அதியமான் செய்தது வேறு. அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியின் பெருமையை வெளியிடாமலே ஔவையின் கையில் கொடுத்தான். நம் பக்கத்துக் கலியாணங்களில் மொய் எழுதுகிறவர் பக்கத்தில் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இன்ன ஊர் இன்னார் இவ்வளவு என்று நான்கு தெருவுக்குக் கேட்கும்படி வாசிப்பதும், மேடையில் நிற்கும் கூச்ச சுபாவமுள்ள பெண் ஒவ்வொரு தொகைக்கும் தலையைத் தாழ்த்திக்கொள்வதும் நாம் காணாததல்ல. கொடுக்கும் முறையும் பரிசைச் சேர்ந்ததே. அதைப் பற்றித் தனியே ஓர் இதழ் முழுவதும் எழுதவேண்டும். இன்று வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர் ஆட்டுச் சந்தைக்கு வந்த வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே இதைத்தான் எழுதமுடிந்தது. மாலைக்குள் அச்சகத்துக்குப் போகவேண்டும்.

கோப்பை வாங்கப் போகிறவர்களுக்கு அந்த முதியவர் காட்டிய வழியை மட்டும் சொல்லிவிடுகிறேன். அடியை விரலால் தடவிப் பார்த்து, பிறகு அதன் தட்டின் மேலேயே வைத்து மெல்லத் திருகிக் கேட்கவேண்டும். கிறீச்சிட்டால், சாயம் அடிப்பவர்கள் உபயோகிக்கும் கறுப்பு வாட்டர் பேப்பரில் நயமானதை வாங்கி, நீரில் நனைத்து ஒரு சமமான பலகையின் மேல் விரித்து, கோப்பையை நிமிர்த்தி வைத்து வட்டமாகத் தேய்க்கவேண்டும். உலர்ந்தபடியே தேய்க்கக்கூடாது, எழும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வளையம் கூழாங்கல்லைப் போல வழவழப்பானதும் கழுவித் துடைத்து, ஓசையெழுப்பாத துணியில் சுற்றிக் கொடுக்கலாம். சரசரக்கும் ஜிகினாத் தாள் வேண்டாம்.

மணத்தைப் பற்றி வரும் இதழில் கட்டாயம் எழுதுவேன். என் பேச்சை நம்பி இதற்குள் ஊதுவத்திக் கட்டு வாங்கிவிட்ட அன்பர்கள் அதுவரை அதைப் பிரிக்காமல் வைத்திருப்பார்களாக.