கழுத்து வலியும் கையில் இருக்கும் போனும்

இந்தக் கட்டுரையை இப்போ எப்படிப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க? போன் மடியில, தாடை நெஞ்சைத் தொடுற மாதிரி தலை குனிஞ்சா? அப்படின்னா முதல்ல போனைக் கொஞ்சம் மேலே தூக்குங்க. பிறகு பேசுவோம்.

வருமானச் சான்று, பட்டா, மின் கட்டணம், ரேஷன் கார்டு திருத்தம் எனப் பல வேலைகள் கைக்குள் வந்துவிட்டன. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் மிச்சமான நேரமும் பெரும்பாலும் அதே திரையில்தான் போகிறது.

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்து இருக்கும்போது கழுத்து எலும்புகள் ஏழும் அதைச் சுலபமாகத் தாங்கும். குனியக் குனிய தலை முன்னால் போகும். அதை இழுத்துப் பிடிக்கும் வேலை பிடரித் தசைகளுக்கு வரும். அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் இதற்கு ஒரு கணக்கு வெளியிட்டார். 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் சுமார் 12 கிலோ, 30 டிகிரியில் 18 கிலோ, 60 டிகிரியில் 27 கிலோ. ஒரு அரிசி மூட்டையை விட அதிகம்!

இது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, ஆட்களிடம் அளந்தது இல்லை. குனியும் கோணத்துக்கும் வலிக்கும் தொடர்பே தெரியவில்லை என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கு. அதனால பழி முழுக்க போன் மேல போட முடியாது. ஒரே நிலையில் அசையாமல் மணிக்கணக்கில் இருப்பது, தூக்கக் குறைவு, மன அழுத்தம், உடற்பயிற்சி இல்லாதது எல்லாம் சேர்ந்துதான் வலியை வளர்க்கின்றன.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. அப்போது வலியை விட, அது எந்த வேலையைத் தடுக்கிறது என்பதுதான் முக்கியம். மருத்துவ உலகில் 1991 முதல் இதற்கென 10 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. தூக்கம், வாசிப்பு, எடை தூக்குவது, வண்டி ஓட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். வண்டி ஓட்டுவதை மட்டும் யோசிங்க. டூவீலர்ல வலது பக்கம் திரும்பும் முன் பின்னால் வரும் பஸ்ஸைத் தலை திருப்பிப் பார்க்க முடியலைன்னா, அது வெறும் கழுத்து வலி இல்லை.

என்ன செய்யலாம்? போனை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, முழங்கைக்குத் தலையணை அல்லது மேசை முட்டுக் கொடுங்க. நீளமா டைப் செய்யாம குரல் பதிவா சொல்லுங்க, தமிழ்லயே எழுதிக்கொடுக்கும். 20, 30 நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்க. தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி வைத்து விடுவது, தோள்பட்டைகளைப் பின்பக்கமாகச் சேர்ப்பது இரண்டையும் பத்துப் பத்து முறை செய்யலாம். வலிக்குதேன்னு மாசக்கணக்கில் கழுத்துப் பட்டை போட்டுக்கிட்டா தசைகள் இன்னும் பலவீனமாகும். (நானும் ஒரு வாரம் போட்டுப் பார்த்தவன்தான். ஆபீஸ்ல அனுதாபம் கிடைச்சது, வலி போகலை.)

இன்னொன்று, சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை 'படக்' என்று திருப்பி நெட்டி எடுப்பார்களே, அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம்.

கை மரத்துப் போவது, பிடி தளர்வது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, காய்ச்சலோடு வலி, விபத்துக்குப் பின் வலி இவற்றில் எது இருந்தாலும் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்க வேண்டாம்; உடனே மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி அரசு மருத்துவமனைகளில் உள்ள இயன்முறை சிகிச்சைப் பிரிவை அணுகலாம். நடமாட முடியாத பெரியவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். பேசும்போது போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்காமல், ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்க.