வெளியே சொல்லத் தயங்கும் நோய்

தலைவலி என்றால் வீட்டார் அனைவரிடமும் சொல்கிறோம். சர்க்கரை நோய் என்றால் விருந்து வீட்டிலும் வெளிப்படையாகச் சொல்லி இனிப்பை மறுக்கிறோம். ஆனால், தாம்பத்திய வாழ்வில் ஓர் ஆணுக்கு ஏற்படும் விறைப்புக் குறைபாட்டை மட்டும், மருத்துவரின் எதிரே அமர்ந்திருக்கும்போதுகூட அவர் சொல்வதில்லை. அவ்வாறு மறைக்கப்படும் நோய், பல நேரங்களில் அவருடைய இதயத்தை நோக்கி வந்துகொண்டிருக்கும் மற்றொரு நோயின் முன்னறிவிப்பாக இருக்கின்றது. இதனைக் கணவர்கள் மட்டுமன்றி மனைவியரும் அறிந்திருப்பது அவசியம்.

எது நோய்? எது நோயன்று?

களைப்பு, கவலை, உறக்கமின்மை ஆகியவற்றால் என்றோ ஒரு நாள் உறவு இயலாமற் போவது இயல்பே. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. போதிய விறைப்பு ஏற்படாமலோ, ஏற்பட்டது நிலைக்காமலோ போவது மூன்று மாதங்களுக்கும் மேலாகத் தொடர்ந்தால் அதனைக் குறைபாடு எனக் கொள்ளலாம். பிள்ளைப்பேறு இன்மை என்பது முற்றிலும் வேறு. விறைப்புக் குறைபாடு உள்ளவரின் விந்தில் எக்குறையும் இல்லாதிருக்கலாம். இவ்விரண்டையும் 'ஆண்மைக் குறைவு' என்னும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் வீண் குழப்பமும் அவமானமும் விளைகின்றன.

இக்குறைபாடு அரிதானதும் அன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப் பகுதியில் 1987 முதல் 1989 வரை, 40 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 52 விழுக்காட்டினர் தமக்குச் சிறிதளவேனும் இக்குறை இருப்பதாகத் தெரிவித்தனர்.

இதயம் அனுப்பும் எச்சரிக்கை

விறைப்பு என்பது அடிப்படையில் இரத்த ஓட்டத்தின் செயலாகும். உணர்வு எழும்போது நரம்புகளும் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளை வெளியிடுகின்றன. அதனால் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. இரத்தம் பாய்ந்து நிறைகின்றது. இதே பொருள்தான் இதயக் குழாய்களையும் விரியச் செய்கின்றது. அதன் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதயத் தமனியின் உள்விட்டம் ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீட்டர். ஆணுறுப்புக்குச் செல்லும் தமனியோ 1 முதல் 2 மில்லிமீட்டர் மட்டுமே. கொழுப்புப் படிவால் உடலெங்கும் குழாய்கள் குறுகத் தொடங்கும்போது, சிறிய குழாயே முதலில் அடைபடுகின்றது. எனவேதான், மாரடைப்புக்கான அறிகுறிகள் தோன்றுவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே பலரிடம் விறைப்புக் குறைபாடு தலைகாட்டுகின்றது. நாணத்தால் அதனை மறைப்பவர், உயிரைக் காத்துக்கொள்ளக் கிடைத்த கால அவகாசத்தையும் சேர்த்தே இழக்கின்றார்.

காரணங்கள்

நீரிழிவு முதற் காரணங்களுள் ஒன்று. அது குழாய்களையும் நரம்புகளையும் ஒருசேரத் தாக்குகின்றது. உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், உடற்பருமன், மது ஆகியன அடுத்த காரணங்கள். இரத்த அழுத்தத்திற்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மாத்திரைகளாலும் இது நேரலாம். அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் அவர் வேறு மாத்திரை தருவார்.

மனமும் ஒரு காரணமே. அதிகாலையில் இயல்பான விறைப்பு இருந்து, உறவின்போது மட்டும் இயலாமற் போனால் பெரும்பாலும் அச்சமே காரணமாக இருக்கும். இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஒரு மாத விடுமுறையில் ஊர் திரும்புபவர், அந்த முப்பது நாட்களையும் தேர்வுக்கூடம் போல் எண்ணிப் பதறுவதுண்டு. புதுமாப்பிள்ளைகளின் நிலையும் இதுவே. இவர்களுக்கு மருந்தைவிட ஆறுதலும் பொறுமையும் நல்ல பயன் தரும்.

ஏமாறாதீர்கள்!

'இளமையில் செய்த தவறா? கவலை வேண்டாம்' என்று தொடங்கும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். இளம் வயதுப் பழக்கத்தால் விந்து நட்டமாகி விறைப்பு போய்விடும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம், ஆண்மைக் குறைவைப் போக்குவதாக மருந்தை விளம்பரம் செய்வதையே குற்றமாக்கியுள்ளது. ஊர் ஊராகச் சென்று லாட்ஜில் அறையெடுத்து விற்கப்படும் பெயரறியாப் பொடிகளிலும் லேகியங்களிலும், அளவு தெரியாமல் ஆங்கில மருந்தே கலக்கப்பட்டிருக்கலாம். மூலிகை எனச் சொல்லப்பட்ட பல மருந்துகளில் இத்தகைய கலப்படம் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இதய நோயாளிக்கு இது நஞ்சுக்கு ஒப்பாகும்.

என்ன சிகிச்சை?

முதலில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் காலை வேளையில் டெஸ்டோஸ்டிரோன் அளவும் பார்க்கப்படும். புகையை விடுவதும், நாள்தோறும் நடப்பதும், எடையைக் குறைப்பதும் வெறும் அறிவுரைகள் அல்ல, அவையே சிகிச்சை. இத்தாலியில் உடற்பருமன் மிக்க ஆண்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், உணவிலும் உடற்பயிற்சியிலும் இரண்டாண்டுகள் கருத்துச் செலுத்தியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இயல்பு நிலைக்குத் திரும்பினர்.

மாத்திரைகளுள் முதலாவது சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட இம்மருந்து, 1998இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஏற்கப்பட்டது. இதன் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருக்கும். பின்னர் வந்த தடாலாஃபில் 36 மணி நேரம் வரை பயன் தரும். இவை இச்சையைத் தூண்டுவதில்லை. இயல்பாக உணர்வு எழும்போது இரத்த ஓட்டத்திற்குத் துணை நிற்கின்றன. நெஞ்சுவலிக்காக நாவின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகளைப் பயன்படுத்துவோர் இவற்றைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, மருத்துவரின் சீட்டின்றிக் கடையில் வாங்காதீர்கள். நண்பர் தந்ததென்று விழுங்காதீர்கள்.

மாத்திரை பலன் தராதவர்களுக்கு வெற்றிடக் கருவி, ஊசி மருந்து, அறுவை மூலம் பொருத்தும் செயற்கைச் சாதனம் என அடுத்தடுத்த வழிகள் உள்ளன. விறைப்பு நான்கு மணி நேரத்திற்கு மேல் தணியாதிருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சட்டம் தரும் ஓராண்டு

1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின்படி, திருமணத்தின்போதே கணவருக்கு இயலாமை இருந்து, அது தொடர்ந்து நீடித்தால் மனைவி மணவிலக்குக் கோரலாம். ஆனால் கணவர் வேண்டினால், குறை நீங்கிவிட்டதென மெய்ப்பிக்க அவருக்கு நீதிமன்றம் ஓராண்டு அவகாசம் தரவேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகின்றது. மனைவியின் உரிமையை மதிக்கும் சட்டமே, கணவர் குணமாவதற்கும் காலம் தருகின்றது. நம் குடும்பங்களோ சில வாரங்களிலேயே பெரியவர்களைக் கூட்டிப் பேசத் தொடங்கிவிடுகின்றன. ஊர்ப் பேச்சாகும் முன் மருத்துவரிடம் செல்வதன்றோ முறை?

சகோதரிகளே! உங்கள் கணவர் விலகிச் சென்றால், 'என்மீது வெறுப்போ, வேறு நாட்டமோ' என்று ஐயுறும் முன் அவருடைய உடல்நிலையை எண்ணிப் பாருங்கள். குத்தலாக ஒரு சொல் கூறினால் அது நோயை வளர்க்கும். 'வாருங்கள், நானும் உடன் வருகிறேன்' என்னும் சொல்லோ பாதி மருந்தாகும்.

சகோதரர்களே! நோய்க்கு மருத்துவம் தேடுவதில் நாணத்திற்கு இடமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தயங்கினால், சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்திற்கோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே தொடங்குங்கள். 'டாக்டர், தாம்பத்தியத்தில் எனக்குச் சில மாதங்களாகச் சிரமம் இருக்கிறது' என்ற ஒரு வாக்கியம் போதும். மற்றவற்றை அவர் கேட்டுக்கொள்வார்.